ஸிக்கி ஸ்டார்டஸ்ட் படம் ஏன் அவ்வளவு இருட்டாக இருக்கிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி 1973இல் லண்டனில் நடத்திய கச்சேரியின் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். படம் முழுக்க இருட்டும் சிவப்புமாக இருக்கிறது, கேமரா ஆடுகிறது, டிரம்ஸ் வாசிப்பவரின் முகம்கூடப் பல இடங்களில் தெரியவில்லை, மேடையை முழுதாகக் காட்டும் காட்சிகளும் குறைவு. இதையா கிளாம் ராக் (ஆண்கள் மினுக்கும் உடையும் ஒப்பனையுமாக மேடையேறிய ராக் இசை) காலத்தின் உச்சத்தைப் பிடித்துவைத்த படம் என்று கொண்டாடுகிறார்கள் என்பது உங்கள் முதல் சந்தேகம். கடைசியில் அவர் மேடையிலிருந்து விடைபெறுகிறாரே, அது நிஜமா நாடகமா என்பது அடுத்தது. எந்தப் பதிப்பைப் பார்ப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே ஐயம்தான்: குறைகள் இவ்வளவு வெளிப்படையாக இருக்கும் ஒரு பதிவு நல்ல படமாக இருக்க முடியுமா? முடியும். இந்தப் படத்தின் பலமே அந்தக் குறைகள் வந்த வழியில்தான் வந்தது என்று நினைக்கிறேன். மேடை நிகழ்ச்சிகளைப் பல கேமராக்களில் எடுத்துத் தொகுப்பது என் தொழில். ஆகவே படத்தைப் பற்றி நான் சொல்வதைத் தொழில் தெரிந்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். போவியின் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் நான் வெறும் ரசிகன்.

உறுதியான தகவல்களிலிருந்து தொடங்கலாம். நிகழ்ச்சி நடந்தது 1973 ஜூலை 3 அன்று, லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கில். சுமார் 3,500 பேர் அமரக்கூடிய பழைய திரையரங்கு அது. போவிக்கு வயது 26. 1972 ஜூனில் வெளிவந்த இசைத்தட்டில், வேற்றுலகத் தொடர்புடைய ஒரு ராக் பாடகனாக ஸிக்கி ஸ்டார்டஸ்ட் என்ற கற்பனைப் பாத்திரத்தை உருவாக்கி, மேடையில் அந்தப் பாத்திரமாகவே வாழ ஆரம்பித்திருந்தார். கூடவே ஸ்பைடர்ஸ் ஃப்ரம் மார்ஸ் என்ற குழு: கிதாரில் மிக் ரான்சன், பேஸ் கிதாரில் டிரெவர் போல்டர், டிரம்ஸில் வுடி வுட்மான்ஸி. பியானோவுக்கு மைக் கார்சன் பின்னர் சேர்ந்தார். பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான், மறுபடியும் பிரிட்டன் என்று ஒன்றரை ஆண்டு சுற்றிய சுற்றுப்பயணத்தின் கடைசி இரவு அது.

படத்தை எடுத்தவர் டி. ஏ. பென்னிபேக்கர். 1965இல் பாப் டிலனின் இங்கிலாந்துப் பயணத்தையும், 1967இல் மான்டரே இசை விழாவையும் படமாக்கியவர். அமெரிக்காவில் 1960ஐ ஒட்டித் தோளில் சுமக்கும் கேமராவையும் அதனோடு ஒத்து ஓடும் ஒலிப்பதிவுக் கருவியையும் உருவாக்கி, பேட்டியும் பின்னணி விளக்கமும் இல்லாத ஆவணப்பட முறையை வளர்த்த சிறு கூட்டத்தில் அவரும் ஒருவர். போவியின் இசைத்தட்டு நிறுவனமான ஆர்சிஏ அவரிடம் முதலில் கேட்டது முழு நீளப் படம் அல்ல, சில பாடல்களின் பதிவு மட்டுமே. லண்டனுக்கு வந்து, முந்தைய இரவு நிகழ்ச்சியை ஒரு முறை பார்த்தவர், இதை முழுப் படமாகவே எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார். ஒத்திகைக்கு அவருக்குக் கிடைத்தது அந்த ஒரு இரவுதான். கையில் இருந்ததோ 16 எம்எம் கேமராக்களும் ஒரு சின்னக் குழுவும்.

இனி இருட்டுக்கு வருவோம். மேடை விளக்குகள் அரங்கில் இருப்பவர்களின் கண்ணுக்காக அமைக்கப்பட்டவை. மனிதக் கண் இருட்டுக்குப் பழகிக்கொள்ளும், ஃபிலிம் பழகாது. வெளிச்சம் போதாதபோது லென்ஸின் துளையை முழுவதும் திறக்க வேண்டும். திறந்தால் குவியத்தின் ஆழம் குறைந்துவிடும். பாடகர் ஓர் அடி முன்னே வந்தால் முகம் மங்கிப்போகும். போவியோ ஒரு இடத்தில் நிற்பவர் அல்ல. சிவப்பு விளக்கின் தொல்லை இன்னும் பெரிது. வண்ண நெகட்டிவில் மூன்று அடுக்குகள் உண்டு. நீலத்தைப் பதிவது மேலே, பச்சையைப் பதிவது நடுவே, சிவப்பைப் பதிவது எல்லாவற்றுக்கும் கீழே. மேல் அடுக்குகளைக் கடந்து வரும்போதே ஒளி சிதறிவிடுவதால், சிவப்பு அடுக்கில் விழும் பிம்பம் மூன்றிலும் கூர்மை குறைந்ததாக இருக்கும். மேடை முழுவதும் சிவப்பு வெளிச்சம் என்றால், படத்தில் இருக்கும் தகவல் அனைத்தும் அந்த மங்கலான அடுக்கில் மட்டுமே இருக்கிறது என்று பொருள். போதாக்குறைக்கு 16 எம்எம் சட்டகம் மிகச் சிறியது. திரையரங்குக்காகப் பெரிதாக்கும்போது துகள்களும் சேர்ந்து பெரிதாகின்றன. நீங்கள் பார்த்த சிவப்புக் குழம்பல் யாருடைய கைத்தவறும் இல்லை, அன்றைய ஃபிலிமின் இயற்பியல். வெளிச்சத்தைக் கூட்டச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். ஓரளவுக்கு மேல் கூட்டினால் அது வேறு நிகழ்ச்சி ஆகிவிடும். பார்வையாளர்களை ஃபிளாஷ் போட்டு நிறையப் புகைப்படம் எடுக்கச் சொல்லி ஊக்குவித்ததாகவும் படத்தைப் பற்றிய குறிப்புகளில் வருகிறது. இருட்டில் அங்கங்கே பளிச்சிடும் அந்த வெளிச்சங்களைப் படத்தில் நீங்களே பார்க்கலாம்.

தொகுப்பாளன் என்ற முறையில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது இன்னொரு கட்டாயம். கையில் தூக்கும் 16 எம்எம் கேமராவில் வழக்கமாக மாட்டுவது 400 அடி ஃபிலிம். வினாடிக்கு 24 சட்டகம் என்ற கணக்கில் அது ஓடுவது 11 நிமிடங்கள். அதற்குப் பிறகு பெட்டியைக் கழற்றி வேறு பெட்டி மாட்ட வேண்டும், இருட்டில், கூச்சலுக்கு நடுவில். அன்றிரவு பாடப்பட்ட ஒரு பாடல், ‘தி விட்த் ஆஃப் எ சர்க்கிள்’, 2003இல் வெளிவந்த ஒலிப்பதிவில் கால் மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. ஒரே ஒரு பாடலே ஒரு பெட்டி ஃபிலிமைத் தாண்டிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு கேமராமேனும் எதை எடுப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று நொடிக்கு நொடி தானே தீர்மானிக்க வேண்டியிருந்தது. இன்று பத்துப் பன்னிரண்டு கேமராக்கள் நிறுத்தாமல் ஓடுகின்றன. தொகுப்பு மேசைக்கு எல்லாமே வந்து சேர்கிறது, எதுவும் தேர்ந்தெடுக்கப்படாமல். அப்படி வந்த பதிவுகளில் வேலை செய்யும்போது, கிதார் தனி வாசிப்பு வந்தால் கிதாருக்கு, டிரம்ஸ் உருட்டு வந்தால் டிரம்ஸுக்கு என்று கை தானாகப் போய்விடும். யார் எங்கே என்று காட்டுவதில் குறை இருக்காது, பார்த்து முடித்ததும் ஒரு முகம்கூட நினைவில் நிற்காது.

பென்னிபேக்கரின் குழு மறுபடி மறுபடி தேர்ந்தெடுத்தவை இரண்டே: போவியின் முகம், அரங்கத்தில் இருந்த இளைஞர்களின் முகங்கள். பெரும்பாலும் பதின்ம வயதுப் பெண்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வரியையும் உடன் பாடுகிறார்கள், சிலர் அழுகிறார்கள். மேடையை ஒரு ஷாட்டில் முழுதாகக் காட்டும் காட்சிகள் குறைவு என்று நீங்கள் சொன்னது சரியான கவனிப்பு. ஆனால் போவி அன்று யாருக்கு என்னவாக இருந்தார் என்பதை அகன்ற ஷாட் காட்டாது. 1972 ஜூலையில் பிபிசி தொலைக்காட்சியில் அவர் ரான்சனின் தோளில் கை போட்டுப் பாடியதைப் பார்த்துத் தங்கள் வாழ்க்கையே திசை மாறியதாகப் பின்னாளில் எத்தனையோ இசைக் கலைஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆணுக்கு இதுதான் அழகு, பெண்ணுக்கு இதுதான் அடக்கம் என்று கோடு போட்டிருந்த ஊர்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, சிவந்த தலைமுடியும் நெற்றியில் பொன்வட்டமுமாக ஒருவர் வந்து நின்றது சாதாரண விஷயமல்ல. அந்தப் பிள்ளைகளைக் காட்டாமல் போவியை மட்டும் துல்லியமாக எடுத்திருந்தால் அது ஆடைக் கண்காட்சியாக முடிந்திருக்கும்.

ஆடைகளும் குறைந்தவை அல்ல. அன்று அவர் அணிந்தவற்றில் பல ஜப்பானிய வடிவமைப்பாளர் கன்ஸாய் யமமோட்டோ தைத்தவை. ஜப்பானின் பாரம்பரியக் கபுகி நாடக மேடையில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடிகரின் மேலாடையை உதவியாளர்கள் ஒரே இழுப்பில் உருவி, உள்ளிருக்கும் வேறு ஆடையை வெளிப்படுத்தும் வித்தை உண்டு. போவியின் குழு அதை ராக் மேடைக்குக் கொண்டுவந்தது. பேசாமல் உடலால் மட்டும் நடிக்கும் மைம் கலையைப் போவி லிண்ட்ஸி கெம்ப்பிடம் பயின்றவர். நான் மேலே சொன்ன நீண்ட பாடலில், இல்லாத கண்ணாடிச் சுவர் ஒன்றை இரு கைகளாலும் தடவித் தடவி வழி தேடுகிறாரே, அது அந்தப் பயிற்சிதான். ஆடை மாற்ற அவர் உள்ளே போகும் நேரத்தில் ரான்சன் மேடையைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறார். ரான்சனுக்கு இந்தப் படம் உரிய இடம் கொடுத்திருக்கிறதா என்று கேட்டால், முழுமையாக இல்லை என்பேன். அந்த ஒலியின் பாதி அவருடையது. 1993இல் அவர் இறந்துவிட்டார். அவர் வாசிப்பை இவ்வளவு அருகிலிருந்து பார்க்க நமக்கு இருக்கும் வாய்ப்புகளில் இது முக்கியமானது என்பதற்காகவே, முகத்தைவிட அவர் கையை இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாமே என்ற குறை எனக்கு உண்டு.

ஓர் இடத்தை மட்டும் நெருங்கிப் பாருங்கள். பெல்ஜியப் பாடகர் ழாக் பிரெலின் பிரெஞ்சுப் பாடல் ஒன்றின் ஆங்கில வடிவத்தை, ‘மை டெத்’ என்ற பெயரில், போவி ஒரு அகூஸ்டிக் கிதாருடன் பாடுகிறார். மரணத்தைப் பற்றிய பாடல். மூன்றாயிரம் பேர் இருக்கும் கூடம் அடங்கிப்போகிறது. பாடல் முடியும் இடத்தில் கதவுக்கு எதிரே நிற்பது யார் என்று சொல்லும் வரி வருகிறது. அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் அவர் நிறுத்துகிறார். இருட்டிலிருந்து பெண் குரல்கள் ‘நான்’, ‘நான்’ என்று கத்துகின்றன. அவர் பாட வேண்டிய சொல்லை அவர்களிடமே விட்டுவிட்டு நன்றி சொல்லி முடித்துக்கொள்கிறார். தொகுப்பாளன் இதில் செய்ய வேண்டியது கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான். அந்த நிறுத்தத்தில் ஒரு வெட்டு விழுந்திருந்தால், அதை எடிட்டர் உண்டாக்கிய மௌனம் என்று நாம் சந்தேகித்திருப்போம். படம் அவர் முகத்தை விட்டு நகராமல் இருப்பதால்தான் அந்த நொடி அரங்கில் உண்மையாகவே நடந்தது என்று நம்புகிறோம். ஒளிப்பதிவு இருட்டாக இருப்பது இங்கே உதவிகூடச் செய்கிறது. கத்துபவர்கள் யார் என்று தெரியவில்லை, அங்கே இருந்த யாராகவும் இருக்கலாம்.

இனி அந்த விடைபெறுதல். கடைசிப் பாடலுக்கு முன்பு போவி நன்றி சொல்கிறார். இந்தச் சுற்றுப்பயணத்தின் மற்ற எல்லா நிகழ்ச்சிகளையும்விட இது எங்கள் நினைவில் நிற்கும், ஏனென்றால் இது பயணத்தின் கடைசி நிகழ்ச்சி மட்டுமல்ல, நாங்கள் செய்யப்போகும் கடைசி நிகழ்ச்சியே இதுதான் என்கிறார். அரங்கத்தில் அலறல். இதில் உறுதியானவை எவை? ரான்சனுக்கு முன்பே தெரியும். போல்டருக்கும் வுட்மான்ஸிக்கும் தெரியாது என்று அவர்களே பின்னர் கூறியிருக்கிறார்கள். வுட்மான்ஸி சில நாட்களிலேயே குழுவை விட்டு நீக்கப்பட்டார். அதே கோடையில் பிரான்சில் பதிவான அடுத்த இசைத்தட்டில் டிரம்ஸ் வாசித்தவர் எய்ன்ஸ்லி டன்பார். போவி, ரான்சன், போல்டர், வுட்மான்ஸி நால்வரும் சேர்ந்து ஒரு மேடையில் அதன் பிறகு நிற்கவே இல்லை. ஆகவே ஸ்பைடர்ஸ் குழுவைப் பொறுத்தவரை அது முழு உண்மை. போவியைப் பொறுத்தவரை அப்படி இல்லை. அதே ஆண்டு அக்டோபரிலேயே லண்டன் மார்க்கீ கிளப்பில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகப் பாடினார். 1974 ஜூனில் முற்றிலும் புதிய நாடக அமைப்போடு வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. பாத்திரம் தன்னை விழுங்கிவிடும் என்று பயந்ததாகப் போவி பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் சொல்லும் காரணங்கள் பணம் சார்ந்தவை: பயணங்கள் செலவைத் தின்றுகொண்டிருந்தன, புதிதாக வந்த கார்சனுக்குத் தங்களைவிட அதிக ஊதியம் என்று அறிந்த போல்டரும் வுட்மான்ஸியும் கூடுதல் ஊதியம் கேட்டிருந்தார்கள், அடுத்த அமெரிக்கப் பயணத்துக்கு இசைத்தட்டு நிறுவனம் பணம் போடத் தயங்கியது. இவை ஒன்றையொன்று மறுப்பவை அல்ல என்பது என் எண்ணம். களைத்துப்போன ஒரு இளைஞனுக்குக் கலைக் காரணமும் கணக்குக் காரணமும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஆனால் இது ஊகம்தான். படத்தை வைத்து இதைத் தீர்க்க முடியாது. பென்னிபேக்கர் கேள்வி கேட்கும் இயக்குநர் அல்லர். ஒப்பனை அறையில் முகத்துக்கு வண்ணம் பூசப்படுவதையும், மனைவி ஆஞ்சி வந்து பேசிவிட்டுப் போவதையும் காட்டுகிறாரே தவிர, ஏன் என்று யாரையும் உட்கார வைத்துக் கேட்பதில்லை. போவியின் கண்களில் சோகம் தெரிகிறது, அவர் அன்று உள்ளுக்குள் உடைந்துபோயிருந்தார் என்றெல்லாம் எழுதுபவர்கள், நடந்ததைத் தெரிந்துகொண்டு பின்னோக்கிப் படிக்கிறார்கள். ஒரு குளோசப் அவ்வளவு சொல்லாது. குரலில் களைப்பு இருக்கிறது, அது காதில் விழுகிறது. அதற்கு மேல் போக நான் தயாரில்லை.

இது அவருடைய உச்சமா என்றால், ஸிக்கியின் உச்சம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த ஏப்ரலில் வெளிவந்த இசைத்தட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்திருந்தது, பாத்திரம் முழு வளர்ச்சி அடைந்திருந்தது, அதை அவர் தானே முடித்துவைத்தார். போவியின் உச்சம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. 1970களின் பிற்பகுதியில் பெர்லினை ஒட்டிய காலத்தில் அவர் செய்த இசையை நான் இதைவிட உயர்வாக வைக்கிறேன். படத்தின் தாமதமும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். 1974இல் சுருக்கமான வடிவம் ஒன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது. 1979இல் எடின்பரோ திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. திரையரங்குகளுக்குப் பரவலாக வந்தது 1983இல்தான். அதற்குள் போவி பொன்னிற முடியும் வெளிர் நிற கோட்டும் அணிந்து விளையாட்டரங்குகளை நிரப்பிக்கொண்டிருந்தார். பத்தாண்டு கழித்து வந்த படத்தைப் பழைய நினைவாகத்தான் பலர் பார்த்தார்கள், சில விமர்சகர்கள் ஒளிப்பதிவை உங்களைப் போலவே குறை சொன்னார்கள்.

அதே காலத்தில் வந்த இன்னொரு கிளாம் ராக் படத்தோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். மார்க் போலனின் டி. ரெக்ஸ் குழு 1972 மார்ச் 18 அன்று வெம்ப்ளியில் நடத்திய நிகழ்ச்சியை பீட்டில்ஸ் குழுவில் டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார் இயக்கிப் படமாக்கினார். அது அதே ஆண்டு டிசம்பரில், சூடு ஆறும் முன்பே வெளிவந்தது. வெளிச்சம் நன்றாக இருக்கிறது, போலன் அழகாக இருக்கிறார், நடுவில் வேடிக்கைக் காட்சிகள் வருகின்றன. மகிழ்ச்சியான படம், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் எதுவும் பணயம் வைக்கப்படவில்லை. ஹாமர்ஸ்மித்தில் ஒரு கலைஞர் தான் கட்டியதைத் தானே இடிக்கிறார், அதை அறியாத இருவர் பின்னால் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பதிப்புகளைப் பொறுத்தவரை, இன்று புதிதாகப் பார்ப்பவர் 2023இல் வந்த மீட்டெடுத்த பதிப்பைப் பார்ப்பதே நல்லது. ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளில், பெயர் மாறிய அதே ஹாமர்ஸ்மித் அரங்கில் அதைத் திரையிட்டார்கள். முந்தைய பதிப்புகளைவிட இருட்டுக்குள் விவரம் கூடியிருக்கிறது. 1983 பதிப்பில் இல்லாத ஒரு பகுதியும் அதில் சேர்ந்திருக்கிறது: கிதார் மேதை ஜெஃப் பெக் முடிவை நெருங்கும் நேரத்தில் மேடை ஏறி வாசித்த பாடல்கள். அவை ஏன் விடப்பட்டன என்பதற்கு உலவும் கதைகளில் பெக்குக்குத் தன் வாசிப்பு பிடிக்கவில்லை என்பதும் உண்டு, உடை பிடிக்கவில்லை என்பதும் உண்டு. எதையும் நான் முடிந்த முடிவாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பாடல்கள் சேர்ந்ததால் நிகழ்ச்சியின் கடைசிப் பகுதிக்குச் சரியான எடை கிடைத்திருக்கிறது. ரான்சனும் அவர் மிகவும் மதித்த பெக்கும் அருகருகே நின்று வாசிப்பதையும் பார்க்கலாம். 2003 டிவிடி உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் அதையும் தூக்கிப் போட வேண்டாம், போவியின் இசைத்தட்டுகள் பலவற்றைத் தயாரித்த டோனி விஸ்கான்டி செய்த ஒலிக்கலவை அதில் நன்றாக இருக்கிறது. எந்தப் பதிப்பானாலும் ஒரு வேண்டுகோள்: தொலைக்காட்சியில் பிரகாசத்தைக் கூட்டி வைக்காதீர்கள். கூட்டினால் கறுப்பு சாம்பலாகி, துகள்கள்தான் முன்னால் வரும். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒலியைச் சற்று அதிகமாக வைத்து, முதல் இரண்டு பாடல்களுக்குக் கண்ணைப் பழக விடுங்கள். அதற்குப் பிறகும் டிரம்ஸ் வாசிப்பவரின் முகம் தெரியவில்லை என்றால், அந்தக் குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன்.